இரவல் இருமல்

மலாக்காவில் எந்தத் தமிழ்க் கல்யாணத்துக்குப் போனாலும் என் வீட்டுக்காரரின் குரல் உங்களுக்கு முன்னால் போய் நிற்கும். "வாசலை மறைத்து வெள்ளைப் புரோட்டோன் சாகாவை நிறுத்தியிருக்கும் அன்பர் உடனே வந்து..." என்று மண்டபத்துக் குழாயில் கேட்டால் அது காளிதாஸ்தான். வாரநாளில் மணல் லோரி ஓட்டுவார். சனி, ஞாயிறு என்றால் வெள்ளைச் சட்டை, கையில் மைக். சொந்தமாக ஓர் ஆம்ப்ளிபையரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் வைத்திருக்கிறார். அவற்றைத் துடைத்து மினுக்குகிற அக்கறையில் பாதியை இந்த உஷாராணியிடம் காட்டியிருந்தால் நானும் இன்னும் கொஞ்சம் மினுங்கியிருப்பேன்.

அந்த வாய்க்கு ஒரே ஒரு வீட்டில் மட்டும் தடை இருந்தது. சுங்கை ரம்பாயில் இருக்கிற அவருடைய சொந்த அக்கா, எனக்கு அண்ணி, குஞ்சம்மா வீட்டில்.

அண்ணி புது வீடு கட்டிக் குடிபோன அன்று நடந்த கூத்து அது. மைக்கைப் பிடித்த மனுஷன் வந்தவர்களை வரவேற்றோமா, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோமா என்று நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் காளிதாஸா? "எங்க அக்கா பேசுற வீட்டுல எங்க மாமா வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்ல. அவருக்குப் பல்லு இருக்கா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நல்லமுத்து மாமா பாவம், அந்த வாரம்தான் முன்பல் வரிசையை மொத்தமாகப் பிடுங்கியிருந்தார். பல்செட் இன்னும் கைக்கு வரவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போனவர் பந்தி முடிகிறவரை திரும்பி வரவில்லை. அண்ணி மேடைக்கு வந்து மைக்கைப் பிடுங்கி, ஊரே கேட்கிற மாதிரி, "இனிமே என் முன்னால நீ வாயைத் திறக்காத" என்றார்.

அதற்கப்புறம் மூன்று தீபாவளி வந்துபோனது. ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கு சுட்டதும் இவர் ஒரு டின்னை அக்காவுக்கு என்று தனியாக எடுத்து வைப்பார். கொண்டுபோகத் தைரியம் வராது. பொங்கல் சமயத்தில் நமுத்துப்போன அந்த முறுக்கை நான்தான் கோப்பியில் தோய்த்துத் தின்று தீர்ப்பேன். வாய் அவருடையது, தண்டனை என் பல்லுக்கு.

இந்த நிலைமையில்தான் அண்ணி மகள் பவானேஸ்வரிக்குக் கல்யாணம் கூடிவந்தது. தாய்மாமனுக்குச் சொல்லாமல் முடியாதே. எங்கள் புக்கிட் காத்தில் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றபடி அண்ணி பத்திரிகையை என் கையில் கொடுத்தார். உள்ளே வரவில்லை, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

"உஷா, உன் புருஷன்கிட்ட சொல்லு. ஞாயித்துக்கெழம மைக்கை அவன்தான் பிடிக்கணும். வேற யாருக்கும் நான் சொல்லல. எந்த வாயால அவமானப்படுத்துனானோ, அதே வாயால எங்க வீட்டுக்காரரை மேடையில மரியாதையா நாலு வார்த்தை பேசட்டும். பேசுனா எல்லாம் சரியாப் போச்சு. இல்லன்னா அவன் யாரோ, நான் யாரோ."

அந்த 'அவன்' கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி போனதும் வெளியே வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் தூசி என்றார். மணல் லோரி ஓட்டும்போதெல்லாம் விழாத தூசி, கதவுக்குப் பின்னால்தான் விழுந்ததாம்.

கல்யாண வாரத் திங்கட்கிழமை அவருக்குத் தொண்டை வலித்தது.

முதலில் நான் சட்டை செய்யவில்லை. ஆம்பிளைகளுக்குத் தும்மல் வந்தாலே உயில் எழுதக் கிளம்புவார்கள். ஆனால் இவருக்குத் தும்மலும் இல்லை, இருமலும் இல்லை, சளியும் இல்லை. திடீரென்று காய்ச்சல் அடித்தது. எச்சில் விழுங்கினாலே முகம் கோணியது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நெறி கட்டி, தொட்டால் கையைத் தட்டிவிட்டார். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தேன். மிளகு ரசம் வைத்தேன். சீனக் கடையில் கறுப்பாக விற்கிற கசப்புத் தண்ணீரையும் வாங்கிக் கொடுத்தேன். எதற்கும் மசியவில்லை.

"கிளினிக்குக்குப் போவோம் வாங்க" என்றேன்.

"வேணாம், வேணாம்" என்று கையை ஆட்டினார்.

காரணம் எனக்குத் தெரியும். குச்சி. சின்ன வயதில் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற டிரெசர் இவர் நாக்கை ஒரு கரண்டிக் காம்பால் அழுத்திப் பார்த்தாராம். இவர் டிரெசரின் வெள்ளைச் சட்டை முழுக்க வாந்தி எடுத்து, அதற்கு அறையும் வாங்கினாராம். அன்றிலிருந்து தொண்டையைப் பார்க்கிறேன் என்று எவர் வந்தாலும் வாய் பூட்டிக்கொள்ளும். ஊரே வேண்டாம் வேண்டாம் என்றாலும் திறக்கிற வாய், டாக்டர் கேட்டால் மட்டும் திறக்காது. இதை எங்கே போய்ச் சொல்ல?

"நீ போய் வாங்கிட்டு வா உஷா. உன்கிட்டத்தான் கார்டு இருக்குல்ல" என்றார்.

கார்டு என்றால், செங் வட்டாரத்தில் நான் வேலை செய்கிற பேக்டரியில் கொடுத்த மெடிக்கல் கார்டு. அதைக் காட்டினால் பேக்டரிக்காரர்கள் ஏற்பாடு செய்திருக்கும் பேனல் கிளினிக்கில் மருந்து சும்மா கிடைக்கும். ஆனால் வேலை செய்கிறவருக்கு மட்டும்தான், வீட்டில் உள்ளவர்களுக்குக் கிடையாது. அதனால் என்ன? வியாதி ஒருத்தருக்கு இருக்கும், கார்டு இன்னொருத்தருக்கு இருக்கும். கார்டு உள்ளவர் போய் முனகிவிட்டு வருவார், வியாதி உள்ளவர் வீட்டில் படுத்துக்கொண்டே மருந்து சாப்பிடுவார். எங்கள் பேக்டரியில் அது ஊரறிந்த ரகசியம். என் பக்கத்து மேசை முத்தாயி, அவள் புருஷனின் முட்டி வலிக்காக ஒரு வருஷத்துக்கு மேல் நொண்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள் இடது காலை நொண்டுவாள், மறந்துபோய் ஒரு நாள் வலது காலை நொண்டுவாள்.

அந்த முத்தாயிதான் எனக்குப் பாடம் எடுத்தாள்.

"தொண்டை வலின்னு சும்மா போய் நின்னா நம்ப மாட்டாங்க லா. நல்லா இருமணும். மூக்கை உறிஞ்சணும். குரலைக் கம்ம வெச்சுக்க. அப்பத்தான் டாக்டருக்கு மனசு எளகும், ஸ்ட்ராங்கா மருந்து குடுப்பாங்க."

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்ததும் போனேன். கிளினிக் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். நான் இருமிய இருமலுக்கு, உட்கார்ந்திருந்த ஒரு மலாய்க்காரம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். எனக்கே பெருமையாக இருந்தது. புருஷன் மேடையில் இத்தனை வருஷம் செய்கிற வித்தையில் கொஞ்சம் எனக்கும் ஒட்டியிருக்கிறது போல.

டாக்டர் பெயர் மலர்விழி. என்னைவிட இளையவர், கண்ணாடி போட்டவர். சிரிக்காமல் கிண்டல் செய்கிற ஆள்.

"என்னம்மா?"

"தொண்டை வலி டாக்டர். எச்சில் முழுங்க முடியல. நல்ல காய்ச்சல்." அதோடு நான்கு இருமல், இரண்டு உறிஞ்சல்.

நாக்குக்கடியில் தெர்மாமீட்டரை வைத்தார். எடுத்துப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையே?"

"இப்பத்தான் எறங்குச்சு டாக்டர்."

"ஓ, நான் வரச் சொன்னதும் எறங்கிடுச்சா." குச்சியை எடுத்து, டார்ச்சை அடித்து என் தொண்டையைப் பார்த்தார். நானும் ஆவென்று தாராளமாகக் காட்டினேன். கழுத்தைத் தடவிப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"எத்தனை நாளா இருமல்?"

"தொண்டை வலி வந்ததிலேர்ந்தே டாக்டர். மூக்கும் ஒழுகுது. குரலும் கட்டிக்கிச்சு." முத்தாயி சொன்னதில் ஒன்றைக்கூட நான் விடவில்லை.

"அப்ப கவலப்படாதீங்க. பெரியவங்களுக்கு வர்ற தொண்டை வலியில முக்காவாசி வைரஸ்தான். இருமல், மூக்கு ஒழுகுறது, குரல் கட்டுறது எல்லாம் சேர்ந்து வந்தா அது சளி பிடிக்கிற வைரஸ். தொண்டையும் சுத்தமா இருக்கு, நெறி கட்டல. ஒரு வாரத்துல தன்னால போயிடும். உப்புத் தண்ணி கொப்பளிங்க, நல்லாத் தண்ணி குடிங்க, வலிக்கு பெனடோல் தரேன்."

"டாக்டர், அந்தச் செவப்பும் கறுப்புமா ஒரு கேப்சூல் இருக்குமே... என்டிபயோடிக்?"

"அது பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒண்ணும் செய்யாது. தேவையில்லாம சாப்பிட்டா வயிறுதான் கெடும்."

நான் இன்னும் உரக்க இருமிப் பார்த்தேன். டாக்டர் அசையவில்லை. "நல்லா இருமுறீங்க. ஆனா நெஞ்சுல ஒரு சத்தமும் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து, டாக்டர் சொன்னதை அப்படியே இவரிடம் ஒப்பித்தேன். வைரஸாம், தன்னால போயிடுமாம். படித்த டாக்டரே தொண்டையைப் பார்த்துச் சொல்லிவிட்டார் என்கிற தெம்பில் நானும் நம்பினேன். பார்த்தது எந்தத் தொண்டை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசனை என்ற ஒன்று ஆத்திர அவசரத்துக்கு எங்கே வருகிறது? இவரும் சமத்தாக பெனடோலைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்தார்.

புதன்கிழமை கஞ்சிகூட இறங்கவில்லை. வியாழக்கிழமை காலையில் எச்சிலை விழுங்க முடியாமல் கை கழுவும் பேசினில் துப்பிக்கொண்டிருந்தார். பேசினால் வாயில் சூடான மரவள்ளிக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. உடம்பு கொதித்தது. இருபது வருஷமாக இந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, கொஞ்ச நேரம் வாயை மூடுங்களேன் என்று நான் கேட்காத நாளில்லை. அன்றைக்கு வீடு அமைதியாக இருந்தது. இந்த அமைதி எனக்கு வேண்டாம், பழையபடி கத்துங்கள் என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஒரு வார்த்தை சொல்லிவைப்போம் என்று அண்ணிக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, அவருக்குத் தொண்டை ரொம்ப முடியல. ஞாயித்துக்கெழம பேச முடியுமோ என்னமோ..."

அண்ணி என்னை முடிக்கவே விடவில்லை.

"தொண்டை வலியா? அவனுக்கா? உறுமி மேளத்தையே அமுக்குற தொண்டை அது. நாலு நல்ல வார்த்தை பேசணும்னதும் வலி வந்துருச்சாக்கும். தொண்டை வலின்னு சொல்லச் சொல்லி அவன்தான் சொல்லிக் குடுத்தானா?"

"சத்தியமா அண்ணி—"

"வந்தா மைக்கைப் பிடிச்சுப் பேசணும். சாக்குச் சொல்லிட்டு மூலையில நிக்கிறதா இருந்தா வரவே வேணாம்னு சொல்லு." போனை வைத்துவிட்டார்.

இவர் ரிசீவருக்குப் பக்கத்திலேயே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போய், அலமாரியில் அந்த வருஷத்து முறுக்கு டின்னைப் பார்த்தபடி நின்றார். எனக்கு வந்ததே கோபம். யார்மேல் என்று தெரியவில்லை. அண்ணிமேலா, இவர்மேலா, அந்த டிரெசர்மேலா, என் இருமல்மேலா?

"கெளம்புங்க" என்றேன். "குச்சியாவது கொம்பாவது. வாயைத் திறக்கலன்னா நானே பிளப்பேன்."

லீவு சொல்லிவிட்டு, டாக்சி பிடித்து அதே கிளினிக்குக்கே இழுத்துப்போனேன். வழியெல்லாம் கைப்பையில் இருந்த கார்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கார்டு விஷயம் தெரிந்து டாக்டர் பேக்டரிக்கு ஒரு போன் போட்டால் என் வேலை போய்விடும். போனால் போகட்டும், வேலைக்குப் பயந்து ஆளை ஆபத்தில் விடமுடியுமா என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

டாக்டர் மலர்விழி என்னைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, இருமல் நின்னுடுச்சா?"

"டாக்டர், அது வந்து..." எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முத்தாயி பெயரை மட்டும் சொல்லவில்லை. அவள் பிழைப்பும் ஓடவேண்டுமே.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப செவ்வாக்கெழம நான் பார்த்தது வேற தொண்டை."

"ஆமா டாக்டர்."

"இவருக்கு இருமல் இருந்துச்சா?"

"இல்ல டாக்டர்."

"மூக்கு ஒழுகுச்சா?"

"இல்ல டாக்டர். அதெல்லாம் நான் சேர்த்தது."

"பிரமாதம். நீங்க சேர்த்தது எதுன்னு தெரியுமா? வைரஸோட அடையாளம் பூராவும். இருமல் இல்லாம, காய்ச்சலோட, கழுத்துல நெறி கட்டி வந்தா நான் உடனே பாக்டீரியாவான்னு சந்தேகப்படுவேன். நீங்க இருமி இருமி அந்தச் சந்தேகத்தையே துரத்திட்டீங்க. சும்மா 'எச்சில் முழுங்க முடியாம எங்க வீட்டுக்காரர் படுத்திருக்கார்'னு சொல்லியிருந்தா இழுத்துட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன்லா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் குச்சியை எடுத்தார். இவர் வாய் பூட்டிக்கொண்டது. டாக்டர் கெஞ்சவில்லை. குச்சியைக் கீழே வைத்துவிட்டு, டார்ச்சை மட்டும் மைக் மாதிரி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீங்கதான் மைக் காளிதாஸா? எங்க சித்தி கல்யாணத்துல கேட்டிருக்கேன். இப்ப நான் கூட்டம். ஒரு தடவை 'அன்பர்களே'ன்னு சொல்லுங்க."

பழக்கதோஷம். மைக் மாதிரி ஒன்றைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்தது. "அ..." என்று அவர் ஆரம்பிக்க, டாக்டர் டார்ச்சைப் போட்டுவிட்டார். 'அன்பர்களே' வருவதற்குள் பார்த்து முடித்தாகிவிட்டது.

"நீங்களும் வந்து பாருங்கம்மா" என்று என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். உள்நாக்குக்கு இரண்டு பக்கமும் சதை ரத்தச் சிவப்பாக வீங்கி, அதன்மேல் தயிர் தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை வைத்துக்கொண்டா மனுஷன் இரண்டு நாளாக பெனடோல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்!

"இன்னும் சீழ் கட்டியா தெரளல, நல்லவேளை. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கீறி எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார் டாக்டர். பெனிசிலின் ஒத்துக்கொள்ளுமா, முன்னே எப்போதாவது ஊசி போட்டு உடம்பு தடித்ததா என்று கேட்டுக்கொண்டு ஊசி போட்டார். மாத்திரையும் கொடுத்தார். "வலி போனதும் நிறுத்திட்டு, மிச்சத்தைப் பிஸ்கட் டின்ல போட்டு அடுத்த வீட்டுக்குக் குடுக்கக் கூடாது. கடைசி மாத்திரை வரைக்கும் முழுங்கணும்."

எங்கள் வீட்டுப் பிஸ்கட் டின் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"ஞாயித்துக்கெழம கல்யாணம் டாக்டர். போகலாமா? யாருக்காச்சும் ஒட்டிக்குமா?"

"அதுக்குள்ள ஒட்டாது. போகலாம், சாப்பிடலாம். பேச வருமான்னு தெரியாது. கத்தவே கூடாது." பிறகு இவர் பெயரில் புது அட்டை ஒன்றை எழுதிக்கொண்டே, "உங்க கார்டை எடுத்து உள்ள வெச்சுக்கங்கம்மா. நோய் யாருக்கோ, அந்த ஆளைத்தான் எனக்குப் பார்க்கணும். மேனேஜருக்குச் சொல்லி எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்றார். அந்த நிமிஷம் அவர் காலில் விழுந்திருப்பேன், மேசை குறுக்கே இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் கஞ்சி இறங்கியது. சனிக்கிழமை காய்ச்சல் விட்டது. குரல் மட்டும் வரவில்லை. ஞாயிறு காலையில் வெள்ளைச் சட்டை போட்டார், விபூதி பூசினார், முறுக்கு டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஆம்ப்ளிபையரை லோரியில் நான்தான் ஏற்றினேன்.

சுங்கை ரம்பாய் பாலாய் ராயா மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை யுகேந்திரன் மணவறையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி பட்டுப்புடவையில் மேடை ஓரமாக நின்றார். எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தை மாப்பிள்ளை பக்கம் திருப்பிக்கொண்டார். நல்லமுத்து மாமா அவருக்குப் பின்னால், வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு நின்றார்.

இவர் மைக் முன்னால் போனார். நெஞ்சை நிமிர்த்தினார். "அனைவருக்கும்..." என்று வாயசைத்தார். துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்து, அதுவும் நின்றது. முன்வரிசையில் நாலு பேர் கெக்கலித்தார்கள். மறுபடி முயன்றார். காற்றுதான் வந்தது.

அண்ணி விறுவிறுவென்று மேடையேறினார்.

"பார்த்தியா? ஊரெல்லாம் கத்துற வாய், எங்க வீட்டுக்காரரைப் பத்திப் பேசணும்னதும் அடைச்சுக்கிச்சு. நடிக்கிறியாடா?"

"அண்ணி, நடிக்கலண்ணி. நெசமாவே—" என்றேன்.

"நீ சும்மா இரு உஷா. நீ அவன் பெண்டாட்டி, அப்படித்தான் சொல்லுவ." மேடைக்குக் கீழே கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற வீடியோக்காரரைக் கூப்பிட்டார். "தம்பி, அந்த லைட்டைக் கொஞ்சம் இங்க அடி."

கண்ணைக் கூசுகிற வெளிச்சம் இவர் முகத்தில் விழுந்தது. அண்ணி இவர் தாடையைப் பிடித்தார்.

"வாயைத் திற."

மூன்று வருஷத்துக்கு முன்னால் திறக்காதே என்று சொன்ன அதே ஆள். மைக் மாதிரி நீட்ட டார்ச்சும் கிடையாது, ஏமாற்றித் திறக்கவைக்க டாக்டரும் கிடையாது. ஊரே பார்க்கிறது. இவர் முரண்டு பிடிப்பார், அண்ணி பொய் என்று முடிவு கட்டிவிடுவார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

இவர் அக்காவையே பார்த்தார். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். சும்மா இல்லை, காது வரைக்கும் திறந்தார். அந்த டிரெசருக்கு அப்புறம் எவருக்கும் காட்டாததை, டாக்டரே தந்திரம் செய்து பார்த்ததை, அக்கா கேட்டதும் ஆவென்று காட்டிக்கொண்டு நின்றார்.

அண்ணி எக்கி நின்று உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சிவப்பும் வீக்கமும், கரைந்தது போக மிச்சமிருந்த வெள்ளையும் அந்த வெளிச்சத்தில் தெரிந்திருக்கவேண்டும். அவர் கை மெதுவாக இறங்கி, இவர் கழுத்தில் நெறி கட்டியிருந்த இடத்தைத் தொட்டது. இவர் முகம் சுளித்தார்.

"அடப்பாவி" என்றார் அண்ணி. குரல் இறங்கிவிட்டது. "இப்படி வெந்து கெடக்கே... இதோட எதுக்குடா வந்த?"

இவர் வாயை மூடி, எச்சிலை விழுங்கி, ஒரு தடவை முகத்தைக் கோணினார். மைக் பக்கத்திலேயே இருந்தது. அதனால் அந்தக் கிழிந்த குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"நீ கூப்பிட்டியேக்கா."

அண்ணி அழுதார். அழுதுகொண்டே இவர் முதுகில் இரண்டு போடு போட்டார். "தொண்டை வலின்னா வீட்டுல படுக்க வேண்டியதுதானே நாயே, நான் சொன்னா நீ அப்படியே கேட்டுருவியா, என்னைக்குக் கேட்ட நீ" என்று புலம்பினார். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். என் கண்ணிலும் தூசி.

இவர் விடவில்லை. நல்லமுத்து மாமாவைக் கையைப் பிடித்து மைக்குக்கு இழுத்துவந்தார். "எங்க மாமா..." என்று ஆரம்பித்தார். மறுபடியும் அந்தத் துருப்பிடித்த கேட்டின் சத்தம்தான் வந்தது. "எங்க மாமா தங்கமானவர். நான்தான்..." அதோடு போய்விட்டது குரல். நாலு வார்த்தையை எண்ணிப் பார்க்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை. மாமா வீடியோ லைட்டுக்கு நேராக முகத்தைத் திருப்பி, "மச்சான், பல்லு இருக்கு, நல்லாப் பார்த்துக்க" என்று மொத்தப் பல்செட்டையும் காட்டிச் சிரித்தார். மண்டபமே கைதட்டியது.

மிச்சக் கல்யாணத்தில் மைக்கை நான்தான் பிடித்தேன். இவர் என் காதில் முணுமுணுக்க, நான் சொல்லிக்கொண்டே போனேன். வாசலை மறைத்த காரை எடுக்கச் சொன்னேன், தாலியைத் தொட்டுக் கும்பிடக் கூப்பிட்டேன், பந்திக்கு அனுப்பினேன். இரவல் இருமல் இருமியவளுக்கு இரவல் குரல் கஷ்டமா என்ன? அண்ணி முறுக்கு டின்னைத் திறந்து, ஒன்றைக் கடித்து, "நமுத்துப் போச்சு உஷா" என்று குறை சொல்லிக்கொண்டே இன்னொன்றை எடுத்தார்.

ஒரு மாதம் கழித்து வீடியோக்காரர் அண்ணிக்குப் போன் செய்தாராம். கெட்டிமேளத்துக்கு முன்னால் யாருடைய தொண்டையோ இவ்வளவு பெரிதாக, ரொம்ப நேரம் வருகிறதே, அந்த இடத்தை வெட்டிவிடட்டுமா என்று கேட்டாராம்.

"அது என் தம்பி தொண்டை" என்றாராம் அண்ணி. "அதுல கை வெச்சா உன் கேமராவை ஒடைச்சுப்புடுவேன்."